வூட்டுக்கு ஒரு குடம்

இன்னாத்துக்கும்மா அந்தக் குடத்தையே பாத்துகினு இருக்கே? குடந்தான். பிளாஸ்டிக் குடம். தண்ணி புடிக்க எடுத்தாரல. தண்ணி இங்க வூட்டுக்குள்ளயே கொழாய்ல வருது, காலைல ஒரு மணி நேரம். இது மீட்டிங்குக்காக எடுத்தாந்தது. நீ உக்காரு. குடியிருப்புக்கு சங்கம் ஆரம்பிக்கறோம், பத்து மணிக்கு வாங்கன்னு நோட்டீஸ் ஒட்டுனே, இப்போ பத்தே முக்கா. நாப்பது சேர் போட்டே. நீ ஒருத்தி, நான் ஒருத்தி. நடுவுல ஒரு நாய் வந்து பாத்துட்டுப் போச்சு, அதையும் சேத்துக்கினா மூணு.

வர மாட்டாங்கம்மா. நேத்து நீ நோட்டீஸ் ஒட்டறப்பவே சொன்னேனா இல்லியா? இந்த ஜனங்களுக்குப் பொதுக் காரியம்னா ஒடம்பு வளையாது. லிப்ட் ஓடலன்னு வாய் கிழியப் பேசுவாங்க. படிக்கட்டுல லைட் இல்லன்னு பேசுவாங்க. சரி, வந்து உக்காந்து பேசுங்கடின்னா, 'நீயே பாத்து பண்ணுக்கா'ன்னுடுவாங்க. நான் தலைவியா இருந்தது இருவத்திரெண்டு வருசம். அதுல ஒரு ஞாயித்துக்கெழம கூட மீட்டிங் நின்னது கெடையாது. அத உன் நோட்டுல எழுதிக்கோ. மழையில நின்னதில்ல, தேர்தல்ல நின்னதில்ல. என் வூட்டுக்காரர் செத்த வாரம் கூட நிக்கல.

என் பேரு தேசம்மா. எல்லாரும் தேசக்கான்னுவாங்க. நாங்க வாராவதி மேட்டு ஜனங்க. டவுனுக்குள்ள, கால்வாய் ஓரமா, பழைய பாலம், அந்த வாராவதிக்குக் கீழ நூத்தி பன்னெண்டு வூடு. அங்கேர்ந்து பேத்து எடுத்து இங்க கொண்டாந்து போட்டு மூணு வருசம் ஆச்சு. எனக்குத் தரைத்தளம். குலுக்கல்ல விழுந்துச்சு. முட்டி தேஞ்சு போச்சு எனக்கு, அந்த மட்டும் கடவுள் கண்ணத் தொறந்தாரு.

இதே பிளாக்குல ஏழாவது மாடில அஞ்சலாட்சின்னு ஒருத்தி இருக்கா. மெய்யச் சொல்லணும்னா, நான் காலைலர்ந்து இங்க உக்காந்துகினு இருக்கறது அவளுக்காகத்தான். உன் சங்கத்துக்காக இல்ல, தப்பா நெனச்சுக்காதே. அவ என்னாண்ட பேசி மூணரை வருசம் ஆவுது. மீட்டிங்னு எழுதியிருக்கறதப் பாத்தா எறங்கி வருவாளோன்னு ஒரு ஆச. மத்தவங்க வந்தா இன்னா, வராட்டி இன்னா. அவ வரணும். வருவாளா மாட்டாளான்னு அந்தப் படிக்கட்டையே பாத்துகினு இருக்கேன்.

குடத்தப் பத்திக் கேட்டே இல்ல? சொல்றேன். டீ வர்ற வரைக்கும் நேரம் போவணுமே.

அப்பல்லாம் எங்களுக்கு லாரித் தண்ணிதான். ஞாயித்துக்கெழம காலைல லாரி வரும். எப்போ வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது. ஆறு மணிக்கே எடம் புடிக்க வூட்டுக்கு ஒரு குடத்த வரிசையில வெச்சுட்டு அதும்பக்கத்துலயே உக்காந்துருப்போம். எத்தினி நேரம்தான் எவ புருசன் குடிச்சான்னு பேசறது? அப்பிடியே பொது விசயமும் பேச ஆரம்பிச்சோம். சாக்கட அடைச்சுக்குது, லைட்டு எரியல, ரேசன் கடைக்காரன் டபாய்க்கறான். அதுதான் எங்க சங்கம். போர்டும் கெடையாது, பதிவும் கெடையாது.

மொதல்ல கையத் தூக்கித்தான் முடிவு பண்ணோம். அதுல இன்னா பேஜார்னா, ஆம்பளைங்க வந்துருவாங்க. தண்ணி வரிசையில ஒரு நாள் நின்னிருக்க மாட்டாங்க. கை தூக்கறதுன்னா மட்டும் பொண்டாட்டிக்கு முன்னாடி வந்து நிப்பாங்க. அண்ணன் தம்பி நாலு பேரு இருக்கற வூட்டுல நாலு கை. வெதவ ஒருத்தி தனியா இருந்தா ஒரு கை. ஒரு நா அஞ்சலாட்சிக்குக் கோவம் வந்துருச்சு. அவளுக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. எழுந்து நின்னா. 'வூட்டுக்கு ஒரு குடந்தானே வரிசையில இருக்குது? அப்போ வூட்டுக்கு ஒரு குடந்தான் பேசணும். சம்மதம்னா குடத்த நிமுத்தி வையி. சம்மதம் இல்லன்னா கவுத்து வையி. குடம் எடுத்தாராத ஆம்பள வாயத் தொறக்கக் கூடாது.'

எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சுகினே வெச்சோம். அன்னிலேர்ந்து அதுதான் எங்க சட்டம்.

நீ படிச்ச பொண்ணு, உனக்கு இது வெளாட்டா இருக்கும். ஆனா அந்தக் குடம் ஒவ்வொண்ணும் எங்களுக்கு மொகம் மாதிரி தெரியும். எஸ்தர் குடத்துல செவப்பு ரிப்பன். ரகமத்து குடம் அடியில ஒட்டு போட்டது. என்னுது இதோ, இந்தப் பச்ச. அஞ்சலாட்சியுது சிலுவர் குடம், வயித்துல ஒரு நெளிசல். அவ புருசன் எத்தி விட்ட நெளிசல். அத சரி பண்ண மாட்டா. இருக்கட்டும், பாத்துகினே இருக்கணும்னுவா. என் குடத்துக்குப் பக்கத்துக் குடம் அவளுது. முப்பது வருசமும் பக்கத்துக் குடம்.

இன்னொரு சட்டமும் அவதான் போட்டா. குடத்தக் கவுத்தவ காரணம் சொல்லணும். நிமுத்துனவங்க அத்தினி பேரும் ஒக்காந்து கேக்கணும். அவ பேசி முடிச்சு, தானா தன் குடத்த எடுத்தாத்தான் மீட்டிங் முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி யாரும் எழுந்து போவக் கூடாது. தலைவி நானு, 'முடிஞ்சுது, எடுங்கடி'ன்னு கடைசில சொல்லணும்.

ஒரு வாட்டி கக்கூஸ் கட்டற விசயம். ஆபீஸ்லேர்ந்து மனுசங்க வந்து, வாராவதித் தூணாண்ட கட்டறோம்னாங்க. நூத்தி பதினோரு குடம் நிமுந்துச்சு. ஒண்ணு கவுந்துச்சு. யாருதுன்னு கேக்கணுமா? எனக்கே எரிச்சலா வந்துச்சு. லாரி வேற இன்னும் வரல, வெயிலு மண்டையப் பொளக்குது. 'சொல்லித் தொலைடீ'ன்னேன். அவ சொன்னா, தூணாண்ட கட்டுனா மழக்காலத்துல கால்வாய் ஏறறப்போ அத்தினியும் கீழண்ட இருக்கற ஒம்போது வூட்டுக்குள்ள வரும்னு. அவ வூடு கீழண்ட இல்ல தெரியுமா? மேல இருந்தா. அந்த ஒம்போது வூட்டுக்காரிங்களே நிமுத்திதான் வெச்சிருந்தாங்க, கக்கூஸ் வந்தாப் போதும்னு. ரெண்டு மணி நேரம் பேசுனா. ஆபீஸ்காரங்களும் எங்ககூடவே செங்கல்லுல உக்காந்து கேட்டாங்க. அப்போ அப்பிடி ஆபீஸ்காரங்க இருந்தாங்க. கடைசில மேக்கால தள்ளிக் கட்டுனாங்க. அந்த வருசமே பெரிய மழ. தூணு பாதி முழுவிருச்சு. ஒரு வூட்டுலயும் பீத்தண்ணி வரல.

அதெல்லாம் சொன்னா இப்போ யாரு நம்பறா.

அப்பால இன்னா ஆச்சுன்னா, நாங்க ஜெயிச்சுட்டோம். மெய்யாலுமேதான் சொல்றேன். தெருக்கொழா வேணும், தெருக்கொழா வேணும்னு பதினோரு வருசம் அலைஞ்சோம். குடத்தோட போய் ரோட்டுல உக்காந்தோம். போலீஸ் வந்து அஞ்சலாட்சி குடத்தப் புடுங்கப் பாத்தான். 'கைய வெச்சுப் பாரு'ன்னா, விட்டுட்டான். கொழா வந்துருச்சு. பத்து வூட்டுக்கு ஒண்ணு. மால போட்டுத் தேங்கா ஒடச்சோம். அன்னிக்கு ஆடுன ஆட்டம் இருக்குதே!

கொழா வந்தப்பறம் வரிசை ஏது? லாரி நின்னுபோச்சு. வரிசை இல்லன்னா ஞாயித்துக்கெழம எவ வருவா? மொத மாசம் எழுபது பேர் வந்தாங்க. அப்பறம் நாப்பது. அதுக்குள்ள பொண்ணுங்கல்லாம் மாலு, ஆஸ்பத்திரின்னு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போவ ஆரம்பிச்சுட்டாங்க. ஞாயிறுதான் அங்க வேலை அதிகம். அவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. 'தேசக்கா, நான் வரல, என் குடத்த ரகமத்து எடுத்தாருவா'ன்னுவாங்க. சரின்னேன். குடம் வந்தா ஆளு வந்த மாதிரிதானே? சட்டப்படி குடந்தானே பேசுது?

அப்பறம் ரகமத்துக்கும் வேலை கெடச்சிருச்சு. அஞ்சு குடத்த என் வூட்டாண்ட வெச்சுட்டுப் போனா. 'நீயே வெச்சுருக்கா'ன்னா. அதப் பாத்து இன்னொருத்தி. ஒரு வருசத்துல என் வூட்டு வாசல்ல நூத்தி பத்து குடம். எல்லாம் பழைய குடம், ஓட்டக் குடம், மீட்டிங்குக்குன்னே நேந்து விட்டது. ரெண்டு வூட்டுக் குடந்தான் வூட்டுலயே இருந்துச்சு. என்னுது ஒண்ணு, அஞ்சலாட்சியுது ஒண்ணு. ஞாயித்துக்கெழம காலைல நான் ஒருத்தியே அத்தினியையும் தூக்கிப் போய் வரிசையா அடுக்குவேன். முட்டி தேஞ்சதே அதனாலதான். அதச் சொன்னா ஒருத்தியும் ஒத்துக்க மாட்டா.

மொதல்லல்லாம் வாரத்துல வூடு வூடாப் போயிக் கேப்பேன். 'இன்னாடி, இந்த விசயத்துக்கு நிமுத்தட்டுமா, கவுக்கட்டுமா?' 'நீயே பாத்து பண்ணுக்கா.' அடுத்த வூடு. 'நீயே பாத்து பண்ணுக்கா.' நூறு வூட்டுலயும் ஒரே பாட்டு. எத்தினி நாளுதான் கேக்கறது? நானும் மனுசிதானே? அப்பறம் கேக்கறத விட்டுட்டேன். எனக்குத் தெரியாதா எது நல்லதுன்னு? நானே நிமுத்தி வெச்சுருவேன். எல்லாம் சுமுகமாப் போச்சு. மீட்டிங் அரை மணியில முடிஞ்சுரும்.

அஞ்சலாட்சி மட்டும் வருவா. மார்க்கெட்டுல மீனு வெட்டற வேலை அவளுக்கு. விடியகாலம் மூணு மணிக்குப் போவா, மீனு வாங்கறவங்களுக்குச் செதில் சீவி, துண்டு போட்டுக் குடுப்பா. ஞாயித்துக்கெழம அங்க கூட்டம் அள்ளும். இருந்தாலும் ஒரு மணி நேரம் அருவாமனையப் பக்கத்துக்காரியாண்ட குடுத்துட்டு வேக வேகமா நடந்து வருவா. வந்து அந்தக் குடங்களப் பாப்பா. 'இன்னா தேசம், இத்தினி பேர் வந்துருக்காங்க, ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க?'ன்னு நக்கலு பண்ணுவா. எனக்குச் சுருக்குன்னு இருக்கும். 'நான் தனி ஒருத்தியாக் கெடந்து மாரடிக்கறேன், நீ வேற'ன்னுவேன். 'மாரடிக்காதே. ஒரு ஞாயித்துக்கெழம இந்தக் குடத்தையெல்லாம் அவங்கவங்க வாசல்ல கொண்டு போய் வெச்சுட்டு வா. வர்றவங்க வரட்டும். பத்து பேரு வந்தா பத்து பேரு'ம்பா. பத்து பேரோட ஒரு சங்கமா? ஆபீஸ்ல மதிப்பானா? விவரம் பத்தாது அவளுக்கு.

ஆபீசுந்தான் மாறிப்போச்சே. செங்கல்லுல உக்காந்தவங்கல்லாம் ரிடையர்டு. இப்போ வர்றவங்க கைல போனு. வந்த ஒடனே, 'அம்மா, எல்லாரையும் நிக்கச் சொல்லுங்க, ஒரு போட்டோ.' எங்க ஆளுங்க நிக்கறது? குடத்தக் காட்டுவேன். குடங்களப் பாத்து அவங்களுக்கு ஒரே குஷி. 'சூப்பரும்மா, இது நல்லா இருக்கு'ன்னு படம் எடுத்துகினு போயிருவாங்க. இன்னா பிரச்சினன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. வட்டத்துக் கட்சிக்காரங்க இன்னொரு பக்கம் வாட்சப்புல குரூப்பு வெச்சாங்க. காலைல கும்புடு, ராத்திரி கும்புடு, நடுவுல எவனாச்சும் பொறந்தநாளு. சாக்கட அடைச்சுகிச்சுன்னு எழுதுனா கட்ட வெரலு வரும். அந்தக் கட்ட வெரலு வந்து சாக்கடயில குத்துமா?

டீ வந்துச்சு பாரு. குடி. சூடா இருக்கறப்பவே குடிச்சுரு, ஆறிட்டா வாயில வைக்க முடியாது.

எங்க விட்டேன்? ஆங், அந்தச் செவ்வாக்கெழம.

கால்வாய அகலம் பண்றோம், உங்களுக்கெல்லாம் அடுக்குமாடி வூடு, மக்கள் ஒப்புதல் கூட்டம்னு சொல்லி ஆபீஸ்லேர்ந்து முந்தின நாள் தகவல் வந்துச்சு. செவ்வாக்கெழம பதினோரு மணி. ஞாயித்துக்கெழம வையுங்க சார்னேன். ஞாயிறு ஆபீஸ் லீவாம். செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு எவ வூட்டுல இருப்பா? இருந்தாலும் நான் பொறுப்பான மனுசி. அன்னிக்கு சாயங்காலம் தெருவுல நாலு பேராண்ட சொன்னேன். 'நீயே பாத்து பண்ணுக்கா'ன்னாங்க. அடுக்குமாடின்னதும் அவங்களுக்கும் சந்தோசந்தான். எங்கன்னு கேட்டாங்க. கிட்டத்துலதான் இருக்கும்னேன். அப்பிடித்தான் நான் நெனச்சேன். முப்பது கிலோமீட்டர்னு யாரு கண்டா?

அஞ்சலாட்சி மட்டும் கேட்டா, எங்க, எத்தினி தூரம், விடியகாலம் மூணு மணிக்கு பஸ்ஸு உண்டான்னு. 'எனக்கின்னா தெரியும், நாளைக்கு வந்து நீயே கேளு'ன்னேன். மறுநா காலைல வேலைக்குப் போற வழியில அவ குடத்தக் கொண்டாந்து எடத்துல வெச்சா. கவுத்து வெச்சா. 'தேசம், செவ்வாக்கெழம கூட்டம் கொறைவு. பன்னெண்டுக்குள்ள வந்துருவேன். நான் வந்து காரணம் சொல்ற வரைக்கும் இதத் தொடாதே'ன்னா. சரின்னேன். சரின்னுதாம்மா சொன்னேன்.

நான் நூத்தி பதினோரு குடத்தையும் நிமுத்தி அடுக்கிட்டேன். நடுவுல அவ குடம் மட்டும் கவுந்து கெடந்துச்சு. ஆபீஸ்காரங்க கரெக்டா பதினோரு மணிக்கு வந்துட்டாங்க. பேனரு கட்டுனாங்க. அதுல கொட்ட எழுத்துல மக்கள் பங்கேற்புன்னு போட்டிருந்துச்சு. அந்தப் பெரிய ஆபீசரு நல்ல மனுசன், எனக்கு சேரு போடச் சொன்னாரு. என் முட்டியப் பாத்துட்டு, கூட வந்தவராண்ட, 'அம்மாவுக்குத் தரைத்தளமா குறிச்சுக்குங்க'ன்னாரு. அது அவரா சொன்னது. நான் வாயத் தொறந்து கேக்கல.

இன்னா பாக்கறே? குலுக்கல்னுதான் சொன்னேன். குலுக்கல்தான் நடந்துச்சு. சீட்டெல்லாம் எழுதிப் போட்டாங்க. எனக்கு விழற மாதிரி விழுந்துச்சு, விடு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

'அது ஏன் ஒண்ணு கவுந்திருக்கு?'ன்னு ஆபீசரு கேட்டாரு. எங்க சட்டத்த வெளக்கமாச் சொன்னேன். ரசிச்சுக் கேட்டாரு. 'ஒருத்தர்தானேம்மா?'ன்னாரு. ஒருத்திதான்னேன். 'ஒருத்தருக்காகப் படத்துல கவுந்திருந்தா மேல கேள்வி கேப்பாங்க. ஃபைலு திரும்பி வரும். அப்பறம் இந்த நூத்தி பதினோரு பேருக்கும் வூடு தள்ளிப் போவும். நீங்களே யோசிங்க'ன்னாரு. பன்னெண்டு மணிக்கு வந்துருவா சார்னேன். அவருக்கு வேற எடத்துல பன்னெண்டு மணிக்குக் கூட்டம்.

போட்டோ எடுக்கறப்போ அந்தக் குடமும் நிமுந்துதான் இருந்துச்சு.

யாரு நிமுத்துனதுன்னா? யாரோ நிமுத்துனாங்க. கூட்டத்துல யாரு கவனிச்சா...

கூட்டம் ஏது? நானும் அந்த ஆபீஸ்காரங்க மூணு பேருந்தான். சரி, நான்தாம்மா. நான்தான் நிமுத்துனேன். ஒடனே நிமுத்தல, அதச் சொல்லிரு உன் நோட்டுல. கால் மணி நேரம் நின்னேன். ரோட்டப் பாத்தேன். அவங்க டீ கூட குடிக்கல, வெயில்ல நிக்கறாங்க. குனிஞ்சேன். கைல ஒரு கனமும் இல்ல, காலிக் குடந்தானே. நிமுத்துனப்போ அந்த நெளிசல் என் பக்கம் திரும்புச்சு.

படம் எடுத்துட்டுக் கெளம்பிட்டாங்க. பதினொன்னே முக்காலுக்கு அவ வந்தா. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டா, அதான் கொடும. கையெல்லாம் செதிலு. ஓடி வந்திருக்கா, மூச்சு வாங்குது. ஜீப்பு திரும்பற தூசி கூட அடங்கல. குடத்தப் பாத்தா. என்னப் பாத்தா. நான் ரெடியா இருந்தேன், கத்துவா, சண்ட போடுவான்னு. சண்ட போட்டிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன், சாயங்காலம் சரியாப் போயிருக்கும். முப்பது வருசமா அப்பிடித்தான். அவ குனிஞ்சா. குடத்த எடுத்து இடுப்புல வெச்சா, வூட்டுக்குப் போனா. கதவச் சாத்துனா. அவ்ளோதான்.

நானும் மத்த குடத்தையெல்லாம் வாசல்ல கொண்டாந்து அடுக்குனேன். 'முடிஞ்சுது, எடுங்கடி'ன்னு சொல்ல அன்னிக்கு ஆளில்ல. சொல்லல.

ஆறு மாசத்துல லாரி வந்துருச்சு, சாமான் ஏத்த. அப்போதான் எல்லாருக்கும் முழிப்பு வந்துச்சு. யாரு சம்மதிச்சா, எப்போ சம்மதிச்சோம்னு கூச்சல். ஆபீசரு ஒண்ணும் கோவப்படல. அந்தப் போட்டோவப் பெருசு பண்ணி எடுத்தாந்திருந்தாரு. காட்டுனாரு. ஒவ்வொருத்தியும் கிட்டக்க வந்து பாத்தா. எஸ்தர் செவப்பு ரிப்பனத் தொட்டுப் பாத்துட்டு, 'என் குடந்தான்'னா. ரகமத்து, 'என்னுதுந்தான், அடியில ஒட்டு'ன்னா. இல்லன்னு சொல்ல முடியுமா? மொகமாச்சே. 'ஆனா நான் எப்போக்கா நிமுத்துனேன்?'ன்னு என்னக் கேட்டா எஸ்தர். 'எங்கிட்ட குடுத்தது நீதானேடி?'ன்னேன். சட்டப்படி நான் பேசுனது சரிதானே? நீயே சொல்லு.

நீ எழுதிகினே இருக்கே.

அந்தப் படம் இப்பவும் அந்த ஆபீஸ்ல மாட்டியிருக்காம். போனவங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க. கண்ணாடி போட்டு, பெருசா. எங்க வாராவதி மேட்டுப் பழக்கம் ஆபீஸ் செவுத்துல இருக்குதுன்னா சும்மாவா? மொதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்பறம் ஒரு நா சும்மா உக்காந்திருக்கறப்போ நெனச்சேன். அதுல ஒரு மனுச மக்க கூட இல்ல. நான் கூட இல்ல, ஓரமா நின்னுட்டேன்.

அஞ்சலாட்சிக்குக் குலுக்கல்ல ஏழாவது மாடி. இங்கேர்ந்து மொத பஸ்ஸு அஞ்சரைக்கு. அது போய்ச் சேரறப்போ மீனு மார்க்கெட்டு பாதி காலி. மூணு மாசம் போய்ப் பாத்தா. அவ எடத்துல வேற ஒருத்தி அருவாமனையப் போட்டுட்டா. இப்போ வூட்டுலயே கெடக்கறா. அரிசி வாங்க எறங்குவா, என் வாசலத் தாண்டித்தான் போவணும். 'அஞ்சல'ன்னு கூப்புடுவேன். செருப்பு சத்தம் நிக்காது. அந்தக் கைக்குப் போயி இந்தக் கதி. நிமிசத்துல ஒரு வஞ்சிரத்தத் துண்டு போடற கை அது. நான் ஒருத்திக்கும் கெடுதல் நெனச்சவ இல்லம்மா. நூத்தி பன்னெண்டு வூட்டுப் பாரத்த ஒத்த ஆளா சொமந்தவ. ஒத்துழைப்பு இல்லன்னா தலைவி இன்னா பண்ணுவா?

மணி பதினொன்னரை ஆவப்போவுது. உனக்கு பஸ்ஸு எத்தினி மணிக்கு? பன்னெண்டு பத்தா? அதுக்குள்ள முப்பது பேராவது சேரலன்னா சங்கம் பதிய முடியாதுன்னே இல்ல? பராமரிப்பு எல்லாம் வெளியாளு கைக்குப் போயிரும்னே. அடப் போம்மா, இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுகினு இருக்கே? ஃபாரத்த எடு. நான் சொல்றேன், நீ எழுது. அத்தினி பேரும் எனக்கு மனப்பாடம். எஸ்தர், ரெண்டாவது மாடி, சம்மதம். ரகமத்து, நாலாவது மாடி, சம்மதம். பூஷணம், அதே மாடி, சம்மதம். அவ கேட்டா, நான் சொல்லிக்கறேன். லிப்ட் ஓடணும்னா யாரு வேணாம்னு சொல்லப் போறா? எழுது. லூர்துமேரி, சம்மதம். செண்பகவல்லி, ஆறாவது மாடி, அவளும் சம்மதந்தான். அஞ்சலாட்சி, ஏழாவது...

இரு. அத எழுதாதே. அடிச்சிரு. அடிச்சிட்டியா? காட்டு.

அவள மட்டும் கேட்டுட்டு எழுது. மத்தவங்க பரவால்ல. அவள நீ போயிக் கேளு.

நானா? நான் எப்பிடிம்மா ஏழு மாடி ஏறுவேன்? லிப்ட்டு செத்துக் கெடக்குது, முட்டி இந்த லட்சணத்துல இருக்குது. நீ சின்னப் பொண்ணு, ரெண்டு ரெண்டு படியாத் தாண்டிருவே. இந்தா, இந்தப் பச்சக் குடத்த எடுத்துகினு போ. அவ வாசல்ல வையி. கவுத்து வையி. தேசம்மா குடம்னு அவளுக்குத் தெரியும். நான் இதுவரைக்கும் ஒரு வாட்டி கூட கவுத்து வெச்சது கெடையாது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

நீங்களே வாங்கம்மாங்கற. அதையே திருப்பித் திருப்பிச் சொல்றே. முட்டிம்மா. முட்டி இல்லன்னா போவ மாட்டேனா?

போ. பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும்.

இந்தா, பொண்ணு, நில்லு. குடத்த வெச்சுட்டு ஓடி வந்துராதே. கதவத் தட்டு. தொறக்கலன்னா திரும்பத் தட்டு. சங்கம், கையெழுத்து அதெல்லாம் அப்பறம். அன்னிக்குச் செவ்வாக்கெழம பன்னெண்டு மணிக்கு வந்து அவ இன்னா காரணம் சொல்ல இருந்தான்னு மொதல்ல கேளு. பஸ்ஸு இல்ல, மார்க்கெட்டு போயிரும், அது எனக்கும் தெரியும். அது இல்ல. கக்கூஸ் அன்னிக்கு அவ தன் வூட்டுக்காகப் பேசல. அன்னிக்கும் வேற என்னமோ வெச்சிருந்திருப்பா. யாருக்கும் தோணாதது ஒண்ணு. அவ வாயால சொல்லணும். திட்டினான்னா திட்டட்டும், குறுக்க பேசாதே, முழுக்கக் கேட்டுகினு வா. ரெண்டு மணி நேரம் ஆனாலும் ஆவட்டும்.

நான் இங்கயேதான் இருப்பேன். அந்த மீட்டிங்க நான் இன்னும் முடிக்கலன்னு சொல்லு அவளாண்ட.